சாலைக் கடை மாடியிலிருந்து

மகரம், ஜனவரி கடைசி

தம்பி மகன் அகத்தியர்கூடம் ஏறிவிட்டு நேற்று ராத்திரி வந்து சேர்ந்தான். வனத்துறையின் ஆன்லைன் பதிவில் இடம் பிடித்ததே பெரிய சாமர்த்தியம் என்பது அவன் நினைப்பு. முதல் நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை நடை. மறுநாள் உச்சிக்கு ஏறி இறங்கி, மூன்றாம் நாள் திரும்பியிருக்கிறான். கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறியதில் உள்ளங்கை உரிந்துபோயிருக்கிறது. குழுவில் பெண்களும் இருந்தார்களாம். உயர் நீதிமன்றம் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கிய பிறகு 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறியதுதான் அந்த வழியில் தொடக்கம்.

போனை நீட்டினான். மேகம், பாறை, உச்சியில் அகத்தியர் சிலை, சிலைக்குப் பக்கத்தில் இவன், இவனுக்குப் பக்கத்தில் கூட்டாளிகள். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அத்தனையிலும் மலையை மட்டும் காணோம்.

அங்கே நின்றால் எப்படிக் கிடைக்கும்? 1868 மீட்டர் மலை மலையாகத் தெரிய வேண்டுமென்றால் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் பாத்திரக் கடையின் மாடி அதற்கு வாகான தூரம். காகம் பறக்கிற கணக்கில் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் ஷீட் கூரைகளுக்கும் தண்ணீர் டாங்குகளுக்கும் மேலே, கிழக்குக்குச் சற்று வடக்காக, கூம்பு தனியாக எழும்பி நிற்கும். நாங்கள் பொதிகை என்போம். அந்தப் பக்கம் தாமிரபரணிக்குத் தண்ணீர் விடுகிற மலை, இந்தப் பக்கம் நெய்யாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் விடுகிறது.

கும்பம், ஆற்றுக்கால் பொங்காலைக்கு மறுநாள்

ஒரு வாரமாக, நேற்று எடுத்த ஒரு படம் தவிர, கேமராவைத் தொடவில்லை. பொங்காலை வாரத்தில் பாத்திரக் கடைக்காரனுக்கு மலை ஏது, மாடி ஏது? மண்கலம் வாங்குவோர் ஒரு பக்கம், அலுமினியம், செம்பு கேட்போர் ஒரு பக்கம், அகப்பையும் தட்டும் கேட்போர் இன்னொரு பக்கம்.

நேற்று முற்பகல் கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டியதும், கிழக்கே கோட்டை முதல் எங்கள் தெரு வரை மும்மூன்று செங்கல் வைத்த அடுப்புகள் வரிசையாகப் பற்றிக்கொண்டன. கடை வாசலிலும் ஐந்தாறு. கொதும்பும் ஓலையும் எரிகிற புகை மாடிக்கு வந்து கண்ணைக் கரித்தது. நகரத்தின் தலைக்கு மேல் வெள்ளைப் படலம். அதற்கு அப்பால் எதுவும் இல்லை. இருந்தும் அந்தத் திசையைப் படம் எடுத்து வைத்தேன். வருஷத்துக்கு ஒரு நாள் நாமே போடுகிற மூட்டம் அது, பதிவில் இருக்கட்டும்.

இன்று தெருவில் கரி படிந்த செங்கற்களை மாநகராட்சி ஆட்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து ஏலக்காய்க் கடை அண்ணாச்சி அவற்றைப் பார்த்துவிட்டு, “நானும் செங்கல் வாங்கணும். மேலே ஒரு நிலை எடுக்கலாம்னு இருக்கேன்,” என்றார். அவர் கடை எங்களுக்கு வடகிழக்கே. மலை தெரிவதே அவருடைய மொட்டைமாடிக்கு மேலாகத்தான்.

மீனம்

வெயில். கடல் ஈரமும் தூசியும் கலந்த வானம் பால் கலக்கிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. மலை இருக்கிற இடம் எனக்குத் தெரியும் என்பதால் அது தெரிவதுபோல் ஒரு பிரமை. கேமராவுக்கு அந்தப் பிரமை கிடையாது.

தொலைவு மலையை எடுப்பவன் எடுப்பது மலையை அல்ல, இடையில் கிடக்கும் காற்றை. முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் மலையைப் பக்கத்தில் இழுத்துவிடும், முப்பத்தைந்து கிலோமீட்டர் காற்றையும் சேர்த்தே இழுக்கும். உச்சி வேளையில் கூரைகளின் சூடு மேலே ஏற ஏற, மலையின் கோடு நெளியும். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அதை நிமிர்த்தாது. போலரைசர் மாட்டினால் கொஞ்சம் மூட்டம் குறையும். கம்ப்யூட்டரில் மூட்டத்தை நீக்கும் பட்டையை வலப்பக்கம் இழுத்தால் மலை வந்துவிடும், ஆனால் அது மீன மாதத்து மலையாக இருக்காது. நான் அந்தப் பட்டையைத் தொடுவதில்லை. மீனத்துக்கு மீனத்தின் படம்தான் வேண்டும், வெறும் வெளுப்பாக இருந்தாலும்.

மேடம்

சாயங்காலம் கோடை மழை, கூடவே இடி. மறுநாள் காலையில் மலை. அவ்வளவு நாளும் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றியது. சுமட்டுக்காரர் ஒருவர் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மேலே என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, இன்னைக்கி மல உண்டோ?” என்று சத்தம் போட்டார். உண்டு என்று கை காட்டினேன்.

மிதுனம், ஜூன் 21

இந்தத் தேதியைப் பஞ்சாங்கம் பார்க்காமலே குறித்து வைத்திருப்பேன். சூரியன் வடக்கே போகிற கடைசி எல்லை இன்று. சாலையில் நின்று பார்த்தால் அந்த எல்லை கிட்டத்தட்டப் பொதிகை உச்சியை ஒட்டியே வருகிறது. கையை நீட்டிப் பிடித்தால் உச்சிக்கு வலப்பக்கம் ஒரு விரல் அகலம்தான். ஆறு மணி தாண்டி உதிக்கிற சூரியன் மலையின் தோளைக் கடந்து வர மேலும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். டிசம்பரில் அதே சூரியன் வெகு தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் போய் உதிக்கும். வருஷம் முழுக்க ஊசலாடுகிற சூரியன் மலையைத் தொட வருவது இந்தச் சில நாட்களில்தான்.

அந்தச் சில நாட்களும் இடவப்பாதி மழைக்குள் மாட்டிக்கொள்கின்றன! ஜூன் முதல் தேதியை ஒட்டி இறங்குகிற பருவமழை மூன்று வாரத்தில் மலைத்தொடரையே விழுங்கியிருக்கும். இன்று காலை மழை இல்லை. ஆனால் கிழக்கே சாம்பல் சுவர். ஆறேகாலுக்குச் சுவரில் ஓரிடம் மட்டும் செம்பு நிறமாகச் சூடேறியது. மலை எங்கே, சூரியன் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. கீழே ஷட்டர் தூக்குகிற சத்தங்கள். படத்தில் பாதி டாங்குகள், மீதி மேகம், நடுவில் அந்தச் செம்புத் திட்டு. என்னிடம் இருப்பவற்றில் இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் காட்டினால் “மலை எங்கே?” என்பார்கள்.

கர்க்கடகம்

வியாபாரம் மந்தம். நாட்டுமருந்துக் கடைகளில் மட்டும் கர்க்கடகக் கஞ்சிக் கூட்டு வாங்கக் கூட்டம். மழை நிற்கிற பாடில்லை. கேமராவை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டு ஜான் ஆலன் பிரௌனைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மனிதரைத் திருவனந்தபுரம் இன்னும் கொஞ்சம் நினைத்திருக்கலாம். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் பிறந்தவர். அங்கே மேக்கர்ஸ்டவுன் ஆய்வகத்தில் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருந்தவர், 1852இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானிலை ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். 1837இல் சுவாதித் திருநாள் தொடங்கிய அந்த ஆய்வகம் இன்றும் நகரத்துக்குள் குன்றின்மேல் இருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போகும் மியூசியம் உருவானதிலும் பிரௌனுக்குப் பங்குண்டு. வந்து சில வருஷங்களுக்குள் இன்னோர் ஆய்வகத்தை அவர் எங்கே கட்டினார் என்றால், அகத்தியர் உச்சியில். ரோடு இல்லை, முகாம் இல்லை. இன்று பர்மிட் வாங்கிப் போகிறவர்களே அட்டைக்கடியைப் பற்றி ஒரு மாசம் பேசுகிறார்கள். அந்தக் காட்டு வழியே கருவிகளை ஏற்றி, கீழே திருவனந்தபுரத்திலும் மேலே மலையிலும் காந்த ஊசி எப்படி அசைகிறது என்று ஒப்பிட்டார். அந்த அளவுகளின் பெரிய தொகுப்பு 1874இல் அச்சானது. பூமியின் காந்தத்தில் ஏற்படுகிற கலக்கம் ஓர் ஊரோடு நிற்பதில்லை, உலகெங்கும் தொடர்புடையது என்று கண்டவர்களில் அவர் முக்கியமானவர்.

ஸ்காட்லாந்துக்காரருக்கு இந்த மலை உயரமாகத்தான் தெரிந்திருக்கும். அவர்கள் நாட்டின் உச்சமான, பிரிட்டனுக்கே உச்சமான, பென் நெவிஸ் 1345 மீட்டர்தான். அதன் தலையில் வானிலை நிலையம் வந்தது 1883இல். 1904இல் மூடினார்கள். அங்கே சில நாள் தங்கி மேகத்தில் ஒளி செய்கிற ஜாலங்களைப் பார்த்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், அதைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்க்கப் புறப்பட்டு, முகில் கலத்தில் முடித்து, 1927இல் நோபல் வாங்கினார். பென் நெவிஸ் நிலையத்துக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முந்தியே நம் மலையில் கருவிகள் நிறுவப்பட்டுவிட்டன என்பதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம். ஓர் உரிமையும் இல்லாத கர்வம்தான்.

ஆ. மாதவன் ஞாபகமும் வந்தது. இதே சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டு, கடைத்தெரு மனிதர்களையே கதைகளாக எழுதியவர். 2015இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தபோது தெருவுக்கே கிடைத்த மாதிரி இருந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்து எதிரே வருவதைப் பார்ப்பது வியாபாரிக்குக் கைவந்த கலை. பிரௌன் செய்ததும் அதுதான், ஊசியை வைத்துக்கொண்டு.

சிங்கம்

ஓணம். மலையை நினைக்கவே நேரமில்லை.

கன்னி, செப்டம்பர் 23

இன்று எல்லாருக்கும் மேற்கேதான் பார்வை. பகலும் இரவும் சமமாகிற நாள், பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்து வாசல்களில் அஸ்தமனச் சூரியன் ஒவ்வொன்றாக இறங்கி வருகிற நாள். கோயில் நேர் கிழக்கு மேற்காக அமைந்ததால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் இது வாய்க்கிறது. கிழக்கே கோட்டைப் பக்கம் மொபைல் தூக்கிய கைகள். நானும் போய் எடுத்தேன். ஊரில் எல்லாரிடமும் இருக்கிற அதே படம் என்னிடமும் இருக்கிறது. திரும்பி நின்று கிழக்கே பார்த்தது நான் ஒருவன்தான் போலிருக்கிறது. அங்கே மேகம்.

துலாம்

இதுதான் காலம். மத்தியானத்துக்கு மேல் துலாவர்ஷம் இடித்துக் கொட்டுகிறது, காலையில் கழுவித் துடைத்த வானம். மலைத்தொடர் ஒரே நீலமாக இல்லாமல் மடிப்பு மடிப்பாகப் பிரிகிறது. முன்னால் கரும்பச்சை, பிறகு நீலம், கடைசியில் சாம்பல் நீலத்தில் அகத்தியர். இடப்பக்கம் வடக்கே தள்ளி, பொன்முடியின் புல்மேடு இருக்கும் திசை. அங்கே வரையாடு உண்டு. என் லென்ஸுக்கு எட்டாது.

ஏலக்காய்க் கடை மாடியில் செங்கலும் எம்-சாண்டும் வந்து இறங்கிவிட்டன. நான் காலையும் மாலையும் எடுத்துத் தள்ளுகிறேன்.

தனு, டிசம்பர் 21

ஜூன் கணக்கு இன்று தலைகீழாக வருகிறது. சூரியன் தென்மேற்கே மறைகிறது, அந்த இடம் பொதிகைக்கு ஏறக்குறைய நேர் எதிர்த் திசை. ஆகவே மலையின் இந்தப் பக்கத்து முகம் முழுவதிலும் வெயில் படுகிறது. ஆறு மணிக்கு உச்சிப் பாறையின் வெடிப்புகள்கூடத் தெரிந்தன. கிறிஸ்துமஸ் கூட்டம் கடையில் அலைமோதுகிற நேரமும் அதுவேதான். தம்பி மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு மேலே போய்விட்டேன். கீழே யாரோ கேக் அச்சுக்கு விலை கேட்கிற சத்தம்.

மேஸ்திரி அண்ணாச்சியின் மாடியில் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியும் அங்கேதான். கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“மேல்நிலை எந்தப் பக்கமா எடுக்கிறீங்க?”

“கன்னி மூலைதான். டாங்கும் அங்கதான் வரும். ஈசானத்துல பாரம் ஏத்தப்படாதுன்னு வாஸ்துக்காரன் கண்டிப்பாச் சொல்லிட்டான். அந்த மூலை வெறும் மொட்டைமாடியாவே கிடக்கும்.”

மலை ஈசானத்தில். வாஸ்துவில் எனக்கு எந்த நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. வாஸ்துக்காரர் சொன்னது ரொம்பச் சரி, அதில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னேன்.