குதிரையும் சேணமும்

குற்றாலத்துச் சாரலை வெளியூரார் அருவியைக் கொண்டு நினைப்பர்; உள்ளூரார் துருவைக் கொண்டும் நினைப்பர். ஆனி பிறந்ததும் மலையிறங்கும் ஈரக்காற்று வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாளிலும் தையல் இயந்திரத்திலும் படியும். எங்கள் அண்ணனின் மின்கிட்டார் ஐந்தருவிச் சாலை வீட்டுச் சுவரில் ஆறு சாரல்காலம் தொங்கியது. அவர் மறைந்தபின் அதை இறக்க எவருக்கும் மனம் வரவில்லை. சென்ற ஆண்டு அவர் மகள் இறக்கினாள்.

நாங்கள் என்பது அவருடைய தம்பியர் இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர். இளையவர் தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கிட்டார் வாசிக்க இருவருக்கும் தெரியாது. அண்ணன் தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்தவர். சுற்றுவட்டாரக் கொடைவிழா மேடைகளில், 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலை அவர் தொடங்கியதும் கூட்டம் அடங்கும். மேடையேறுமுன் அவர் சுருதி கூட்டுவதை அருகிருந்து கேட்ட காதுகளே எங்கள் தகுதி.

இறக்கிய கிட்டாரில் தந்திகள் கறுத்திருந்தன. அவை அமரும் ஆறு சிறு இரும்புத் துண்டுகளும் அவற்றின் திருகுகளும் துருவேறி இறுகியிருந்தன. அத்துண்டை ஆங்கிலத்தில் ‘சேடில்’ என்பர்; தமிழில் சேணம். வீணையில் தந்திகளைத் தாங்கும் உறுப்பை நாம் குதிரை என்கிறோம். இந்தியில் கோடி, பிரெஞ்சில் ஷவாலே, ருஷ்ய மொழியில் கபீல்கா: பெயர்கள் யாவும் குதிரை இனத்தைச் சேர்ந்தவையே. ஆங்கிலத்தாரோ குதிரையைப் பாலமாக்கிவிட்டு, அதன்மேல் சேணத்தை வைத்திருக்கிறார்கள்.

சேணத்தின் வேலை தந்தியைச் சுமப்பதோடு முடிவதில்லை. தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது அது சிறிது இழுபட்டு, ஒலி கணக்கைவிட ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்தை ஈடுகட்டத் தந்தியின் நீளத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். பருத்த தந்திக்குக் கூடுதலாகக் கூட்ட வேண்டும். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. சுரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்திவிடலாம். கிட்டாரின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை, அவை அசையா. எனவே சேணம் அசைய வேண்டும். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் வெளியிட்ட டெலிகாஸ்டரில் இரு தந்திகளுக்கு ஒரு சேணமாக மூன்றே இருந்தன. ஒன்றின் சுரத்தைத் திருத்தினால் மற்றது பிசகும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்திக்கு ஒன்றாக ஆறு வந்தன. அண்ணனுடையது அவ்வடிவைப் பின்பற்றிச் செய்த எளிய கருவி.

புதுச் சேணம் வாங்குவதில் முதலில் தவறினோம். இணையத்தில் கண்ட முதல் தொகுதியைத் தருவித்தோம், அது பொருந்தவில்லை. முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடைப்பட்ட அகலம் பழைய வகையில் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர், பிற்கால வகையில் 52.5 என்பதை அதன்பிறகே அறிந்தோம். ஆகவே வாங்குமுன் திருகுத் துளைகளின் இடைவெளியை அளப்பது நலம். அடுத்தது உலோகம். எஃகின் ஒலி கூர்மையானது என்பர். கிராஃபைட் கலந்த செயற்கைச் சேணத்தில் தந்தி அறுவது குறையும். குற்றாலத்துக் காற்றை நினைத்துப் பித்தளைச் சேணமும் எவர்சில்வர் திருகும் தேர்ந்தோம். பித்தளையில் களிம்பு ஏறும். ஆயினும் திருகு இறுகிப்போகாது.

இளையவர் பழந்திருகுகளில் எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டு, மரத்தில் படாமல் துணி விரித்து, இரண்டு நாள் ஊறவிட்டார். கழற்றப்போகும் வேளையில் அண்ணன் மகள் குறுக்கிட்டாள்.

“சித்தப்பா, அப்பா வச்ச இடத்துலேயே புதுசையும் வைங்க. ஒரு நூல்கூட மாறக்கூடாது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஆறு இடங்களும் அண்ணன் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்திய இடங்கள். அவர் குரல் பதிவாக எங்களிடம் இல்லை; மேடைப் பதிவுகளும் இல்லை. ஒவ்வொரு சேணத்தின் தூரத்தையும் உயரத்தையும் அளந்து ஏட்டில் குறித்தோம்; படமும் எடுத்தோம். பின்னர்ப் புதியவற்றை அதே அளவில் நிறுத்தி, அவள் விரும்பிய மெல்லிய தந்திகளைப் பூட்டிச் சுருதி கூட்டினோம்.

சோதிக்கும் முறை எளிது. தந்தியின் சரிபாதியில் நிற்பது பன்னிரண்டாம் மெட்டு. அதன் நேர்மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மேல்ஸ்தாயி ஒலி எழும். அதே மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலி அதனோடு ஒன்ற வேண்டும். ஏறி நின்றால் சேணம் பின்னே போக வேண்டும். இறங்கி நின்றால் முன்னே வர வேண்டும். அவள் அழுத்தினாள். ஆறு தந்தியிலும் ஒலி இறங்கியே நின்றது.

அளவைச் சரிபார்த்தோம், பிழையில்லை. காரணம் மெல்லப் புலப்பட்டது. அண்ணனின் முதல் தந்தி 0.011 அங்குலப் பருமன், இவளுடையது 0.009. அவர் தந்திகளை உயர்த்தி வைத்து, மேடை இரைச்சலில் வன்மையாக அழுத்தி வாசித்தவர். அக்கைக்காகவே சேணங்கள் அவ்வளவு பின்னே நின்றன. அவை காத்திருந்த அழுத்தம் இனி அக்கருவிக்கு வரப்போவதில்லை.

நாங்கள் யாரும் பேசவில்லை. அவள் மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தாள், விரல்நுனி சிவந்தது. மதினி அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவிய இருந்தா இதை எப்பவோ நகர்த்தியிருப்பாவ. புள்ள கைக்கு எது தோதோ அதைச் செய்யுங்க தம்பி.”

முதலில் உயரம்: பன்னிரண்டாம் மெட்டில் மெல்லிய தந்திக்கு 1.6 மில்லிமீட்டர், பருத்ததற்கு ஏறக்குறைய 2. இடையிலுள்ளவை விரற்பலகையின் வளைவை ஒட்டி. உயரம் முடிந்தபின்பே நீளம். முறை மாறினால் எல்லாம் மறுபடியும். தந்தியைத் தளர்த்துவது, சேணத்தை நகர்த்துவது, மீண்டும் சுருதி கூட்டுவது, கேட்பது. பின்புறச் சுருள்வில்களின் மேல் மிதக்கும் குதிரையாதலால் ஒரு தந்தியைத் தொட்டால் மற்ற ஐந்தும் சற்றே பிசகும். மடியில் வைத்து வாசிக்கும் நிலையிலேயே சோதித்தோம். கருவி காட்டும் முள் ஒருபுறம் இருக்க, அழுத்தியது அவள் விரலே.

மாலைக்குள் ஆறும் முன்னே வந்தன. எதுவும் ஒரு நூல் அளவுக்கு நகரவில்லை. ஆயினும் முதல் மூன்றும் ஒரு படிக்கட்டாகவும் அடுத்த மூன்றும் மற்றொன்றாகவும் நின்ற அந்த வரிசை அண்ணன் விட்டுச்சென்றதைப் போன்றே இருந்தது. வரிசை தந்திகளின் இயல்பு. தொலைவு மட்டுமே கையினுடையது.

பழைய சேணங்களை எறியவில்லை. அளவு குறித்த தாளோடு சேர்த்து மதினி மருந்து டப்பா ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார். அவள் இன்னும் திக்கித்தான் வாசிக்கிறாள். மூன்றாம் தந்தி நேற்றும் இறங்கி ஒலித்தது என்றாள். ஆலன் கீயை அவளிடமே கொடுத்துவிட்டோம்.