யார் ஜாடை?

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு மருத்துவமனைக்கு வரும் நம் உறவுக்காரர்கள் முதலில் பார்ப்பது ஜாடையைத்தான். "மூக்கு அப்படியே தாத்தா", "நெற்றி மட்டும் அத்தை" என்று தொட்டிலைச் சுற்றி ஒரு பட்டிமன்றமே நடக்கும். என் மகளைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "சித்தியை உரிச்சு வெச்சிருக்கா" என்றார்கள். அவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்பது எங்களில் ஐந்து பேருக்குத்தான் தெரியும்.

எனக்கு 34 வயதில் சினைமுட்டைக் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. கருப்பையில் கோளாறு இல்லை; வேறொருவர் முட்டை கொடுத்தால் நான் சுமக்கலாம் என்றார் மருத்துவர். செங்காங்கில் இருக்கும் தங்கையிடம் கோப்பிக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். தே தாரிக் ஆறுவதற்குள், "நான் தர்றேன்க்கா, இதுல என்ன இருக்கு" என்றாள். அவளுக்கு அப்போது 30 வயது, இரண்டு பிள்ளைகள். அவள் கணவரும் சரி என்றார். காரியம் முடிந்தது என்றுதான் நான்கு பேரும் மருத்துவமனைக்குப் போனோம்.

சிங்கப்பூரில் முட்டையையோ விந்தையோ விற்கவும் வாங்கவும் கூடாது. தானமாக மட்டுமே தரலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே பல்லில் தொடங்கி எல்லாவற்றையும் பார்த்தார்கள். எச்ஐவி, ஹெப்படைட்டிஸ், சிஃபிலிஸ், பிறகு தலசீமியா. தலசீமியாவுக்கு என் கணவர் ரத்தத்தையும் தங்கை ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தத் தாளில் அவர்கள் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் பெயர் இல்லை. அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது மனநல ஆலோசனை. எங்கள் இருவருக்கு ஒரு நாள், தங்கைக்கும் அவள் கணவருக்கும் ஒரு நாள், தங்கைக்குத் தனியாக ஒரு மணி நேரம், கடைசியில் நால்வரும் ஒன்றாக. "வீவக வீடு வாங்கினப்பகூட இவ்வளவு கேள்வி கேட்கல" என்று முணுமுணுத்தார் என் கணவர்.

ஆலோசகர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டுவிட்டு, நாங்கள் திணறுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை முரண்டு பிடிக்கும்போது "இது சித்தி புத்தி" என்று வாயில் வந்துவிடுமா? முதல் முயற்சி பலிக்காவிட்டால் தங்கை தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வாளா? நீங்கள் பிள்ளையை அடிப்பதைத் தங்கை பார்த்தால் குறுக்கே வரலாமா? பிள்ளைக்கும் தங்கையின் பிள்ளைகளுக்கும் என்ன உறவு?

கடைசிக் கேள்விக்கு மட்டும் நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். அக்கா தங்கை பிள்ளைகள் நமக்கு எப்போதும் அண்ணன் தங்கைதானே! தமிழில் அதற்கு 'கசின்' என்று தனிச்சொல் தேவைப்பட்டதே இல்லை. என் தங்கை என் பிள்ளைக்குச் சின்னம்மா. சொல்லுக்குள்ளேயே அம்மா இருக்கிறாள். ஆலோசகர் இதைச் சிரத்தையாக எழுதிக்கொண்டார். பிறகு, "சொல் இருக்கிறது, நல்லது. அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தத்தைப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

தனியாகப் பேசிய அன்று தங்கை சிவந்த கண்களோடு வெளியே வந்தாள். பல மாதங்கள் கழித்துத்தான் என்ன நடந்தது என்று சொன்னாள். அப்பா அம்மா போனபின் அவளுடைய பாலிடெக்னிக் கட்டணத்தைக் கட்டியது நான். அது ஆலோசகருக்குத் தெரிந்திருந்தது. "அந்தக் கடனை அடைக்கத்தான் இதைச் செய்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். "அது இல்லாம இருக்குமா? ஆனா அது மட்டும் இல்ல" என்றாளாம் இவள். வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் விலகலாம், அக்காவிடம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம் என்றாராம் அவர். "வீட்ல யாருமே என்னை அப்படிக் கேட்கலக்கா. கேட்டதும் அழுகை வந்திருச்சு. அழுது முடிச்சப்புறம்தான் நிஜமாவே தரணும்னு தோணுச்சு."

ஆலோசனை எதற்கு என்று என்னைக் கேட்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். அன்பான குடும்பத்தில் 'மாட்டேன்' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். அதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்தபின் வரும் 'சரி'யின் எடையே வேறு.

பெரிய சண்டை எனக்கும் என் கணவருக்கும் இடையில்தான். யாருக்கும், பிள்ளைக்கும்கூட, தெரிய வேண்டாம் என்பது அவர் கட்சி. சட்டப்படி அவர் பயப்பட ஒன்றுமில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கருவைச் சுமந்து பெற்றவள்தான் தாய், சிகிச்சைக்குச் சம்மதித்த கணவர்தான் தந்தை. ஆனால் அவர் பயந்தது சட்டத்துக்கு அல்ல, தம் அம்மாவுக்கு.

இந்த ரகசியம் பழையது. 1884இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மருத்துவர், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு வேறொருவரின் விந்தைச் செலுத்தினார். கணவரிடம் பிறகு சொன்னார். அந்தப் பெண்ணிடம் சொல்லவே இல்லை. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் தானம் செய்தவர் யார் என்பதைப் பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சட்டம் இல்லாத ஊரிலும் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணு உறவுகள் திரையில் வந்துவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்போக் குழுவினர் இப்படிப் பிறந்த பிள்ளைகளை 20 வயதுவரை தொடர்ந்து கவனித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழு வயதுக்கு முன்பே விவரம் சொல்லப்பட்டவர்களுக்குத் தாயுடனான உறவும், அந்தத் தாய்மாரின் மனநலமும் மேலாக இருந்தன. ஆலோசகர் எங்களிடம் சொன்னதும் அதுதான்: பிள்ளைக்கு இது எப்போது தெரிந்தது என்று நினைவே இருக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரே மாமியாரிடம் சொன்னார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கட்டு முடியும்வரை பேசவில்லை. பிறகு, "கர்ணன் பொறந்த விதத்தாலயா கெட்டான்? தெரிஞ்சவங்க போர் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தாங்களே, அதுலதான் கெட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் தங்கைக்கு முருங்கைக்கீரைப் பொரியல் செய்து, பேருந்தேறித் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

தங்கை 11 நாள் ஊசி போட்டுக்கொண்டாள். முட்டை எடுத்தபின் இரண்டு நாள் வயிறு உப்பிப் படுத்திருந்தாள். நான்கு கருக்கள் கிடைத்தன. முதலாவது தங்கவில்லை. அன்று அவள்தான் என்னைவிட அதிகம் அழுதாள். ஆலோசகர் முன்பே கேட்டிருந்ததால் அதற்கு என்ன பெயர் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது, இப்போது நான்கு வயது ஆகிப் பாலர் பள்ளிக்குப் போகிறது.

அவளிடம் சொல்லிவிட்டோம். "உன்னை உண்டாக்க ஒரு குட்டி முட்டை வேணும். அம்மாகிட்ட இல்ல, சித்தி கொடுத்தாங்க." "கோழி முட்டையா?" என்றாள். சித்தி வயிற்றில் கோழி இருந்ததா என்று இரண்டு நாள் விசாரணை நடந்தது. இப்போது மின்தூக்கியில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "எங்க சித்தி முட்டை குடுத்தாங்க" என்கிறாள். பாட்டி, தங்கை ஏதோ பண்ணை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மீதி இரண்டு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. சேமிப்புக் கட்டணத்துக்கான கடிதம் போன வாரம் வந்தது. தொடர்ந்து வைப்பதா, கைவிடுவதா என்று பெட்டியில் குறியிட்டு அனுப்ப வேண்டும். தங்கையைக் கேட்டேன். "உன் இஷ்டம்க்கா" என்றாள். பத்து நிமிடம் கழித்து அவளே திரும்ப அழைத்து, "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். கடிதம் குளிர்பதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில் இருக்கிறது.