தோழியோடு ஒரு வீக் எண்ட்... வேடந்தாங்கலுக்குக் கிளம்பலாமா?

சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. ஜி.எஸ்.டி சாலையில் படாளத்தில் வலதுபக்கம் திரும்பினால், வயல்களைத் தாண்டி வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். மாலை 4 மணிக்கு மேல் தோழியோடு ஏரிக்கரையில் நின்றால் போதும். இரை தேடப் போன கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பும்.

இந்தப் பறவைகளுக்குக் காவல் ஊர்மக்கள்தான். யாரும் சுடக் கூடாதென்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்களின் வயலுக்கு உரம்.

அதனால், ப்ளூடூத் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். அரட்டையைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம். மழை பொய்த்த வருடம் ஏரி வற்றிவிடும், பறவைகளும் வராது. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பைனாகுலர் முக்கியம்!