ஐம்பதாம் கோடு

2025 ஆகஸ்ட். ஆடி வெள்ளி. மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. மாடியில் சர்க்கரை டாக்டர். கீழே மருந்துக்கடை. எதிரே அம்மன் கோயில். வாசலில் அண்டா நிறையக் கூழ்.

ஹாலில் இருபது நாற்காலி. முப்பது பேர். கையில் இருக்கும் டோக்கனை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறார்கள். நம்பர் மாறியிருப்பதில்லை.

எடை மெஷின் கதவோரம். கட்டம்போட்ட சட்டைக்காரர் முறை. செருப்பைக் கழற்றுகிறார். செல்போனை மனைவியிடம் கொடுக்கிறார். பிறகு சாவிக்கொத்து. பிறகு பர்ஸ். ஒரு காலைத் தூக்கியவர் இறக்கிவிட்டு வாட்சையும் கழற்றுகிறார். ஏறுகிறார். மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார். மெஷின் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

"நூத்தி நாலு," என்கிறார் நர்ஸ். சத்தமாக.

உயரம் 168. கால்குலேட்டரில் பி.எம்.ஐ. 36.8. சுவரில் ஓர் அட்டவணை. இந்திய உடம்புக்கு 23 தாண்டினால் மஞ்சள், 25 தாண்டினால் சிவப்பு. 35 வரை அச்சடித்திருக்கிறார்கள்.

மனைவி வாட்சைத் திருப்பிக் கொடுக்கிறார்.

மூலை நாற்காலியில் மெடிக்கல் ரெப். டை. பளபளக்கும் ஷூ. தொப்பைக்கு மேல் சட்டைப் பித்தான் ஒன்று இழுபட்டு நிற்கிறது. நோயாளிகள் முடிந்த பிறகுதான் அவருக்கு அழைப்பு. மடியில் வழவழப்பான அட்டை. டிர்செபடைட், வாரம் ஒரு ஊசி. 2022இல் வந்த ஆய்வு. 2,539 பேர், 72 வாரம். அதிக டோஸ் போட்டவர்களுக்குச் சராசரியாக 20.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 3.1. இவை கொட்டை எழுத்தில். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், கணைய அழற்சி, பித்தப்பைக் கல் ஆகியவை அடியில், பொடி எழுத்தில்.

ரெப் பையிலிருந்து ஒரு பப்ஸை எடுக்கிறார். ஹாலைப் பார்க்கிறார். மறுபடி உள்ளே வைக்கிறார்.

ட்யூப்லைட் அருகே ஒரு பல்லி. இந்த மருந்து வரிசையில் முதலாவது எக்ஸனடைட். அமெரிக்கப் பாலைவனத்துப் பெரிய பல்லி ஒன்றின் எச்சிலில் இருந்த பொருளை மாதிரியாக வைத்துச் செய்தது. 2005இல் கடைக்கு வந்தது. மாம்பலத்துப் பல்லிக்கு அதெல்லாம் தெரியாது. அதன் கவனம் ஈசல்மேல்.

ஒரு தாய். ஒரு மகள். தாயின் மடியில் மஞ்சள் பை. பையில் பத்திரிகை மாதிரிகள். ஆவணிக் கடைசியில் கல்யாணம். மகள் 160 சென்டிமீட்டர், 61 கிலோ. செல்போனில் ரவிக்கைப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். சிறிதாக்குகிறாள். பெரிதாக்குகிறாள்.

டாக்டர் அறைக் கதவு முழுசாகச் சாத்துவதில்லை.

"ஊசி ஒண்ணு வந்திருக்காமே டாக்டர். கல்யாணத்துக்குள்ள ஒரு எட்டு கிலோ…"

"முதல் நாலு வாரம் 2.5 மில்லிகிராம். அது உடம்பு பழகுறதுக்கும்மா, இளைக்கிறதுக்கு இல்ல. அதுக்குள்ள கல்யாணமே வந்துடும். அப்புறம், குழந்தைன்னு யோசிக்கிற நேரத்துல இந்த மருந்து உடம்புல இருக்கக் கூடாது. இவளுக்கு இது தேவையும் இல்ல."

மௌனம். நாற்காலி நகரும் சத்தம்.

"நீங்க கொஞ்சம் மெஷின்ல ஏறுங்கம்மா."

"நானா? எனக்கு எதுக்கு டாக்டர்?"

தாய் 152 சென்டிமீட்டர், 88 கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரை. மூட்டுவலி. மாடிக்கு வந்தபோது இரண்டு இடத்தில் நின்றார். வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்று டாக்டர் கேட்கிறார். கணையத்தில் எப்போதாவது வீக்கம்? பித்தப்பையில் கல்? கண் எப்போது பரிசோதித்தது? தாய் ஒவ்வொன்றுக்கும் மகளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்.

வெளியே வருகிறார்கள். மகள் கையில் சாப்பாட்டு அட்டவணை. தாய் கையில் மருந்துச் சீட்டு. வாரம் 3,500 ரூபாய்; மாதம் 14,000. டோஸ் ஏறினால் விலையும் ஏறும். தாய் விரல்விட்டு எண்ணுகிறார். சமையல்காரர் அட்வான்ஸ். மண்டபம் பாக்கி. சீட்டை நான்காக மடிக்கிறார். பத்திரிகை மாதிரிகளுக்குள் செருகுகிறார்.

நர்ஸ் மேஜை. மேலே குப்பி, இன்சுலின் சிரிஞ்ச், பஞ்சு. எதிரே கட்டம்போட்ட சட்டைக்காரர். அருகே மனைவி, நோட்டும் பேனாவுமாக.

குப்பி சின்னது. உள்ளே அரை மில்லி. தண்ணீர் நிறம். சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் நர்ஸ். காற்றுக்குமிழி ஒன்று. விரலால் சுண்டுகிறார். மேலே போகிறது. ஐம்பதாம் கோடு வரை மருந்து.

"தொப்புளச் சுத்தி ரெண்டு இன்ச் விட்டுருங்க. தோலக் கிள்ளிப் பிடிங்க. போன வாரம் போட்ட எடத்துல இந்த வாரம் வேணாம். பிரிட்ஜுல வைங்க, ஃப்ரீஸர்ல வேணாம். எந்தக் கிழமைன்னு முடிவு பண்ணிக்கங்க."

"ஞாயிறு," என்கிறார் அவர்.

"ஞாயித்துக்கிழமை கறி எடுப்போமே," என்கிறார் மனைவி.

புதன் என்று நோட்டில் எழுதப்படுகிறது.

ஊசி இறங்குகிறது. அவர் முகத்தைச் சுளிக்கத் தயாராக இருக்கிறார். அதற்குள் முடிந்துவிடுகிறது.

"அவ்ளோதானா?"

வயிறு மெதுவாகக் காலியாகும். போதும் என்ற சேதி மூளைக்குச் சீக்கிரம் போகும். அவ்வளவுதான்.

ஜன்னலோரத்தில் நான்காவது மாதத்துக்காரர். மார்ச்சில் இந்த ஊசி இந்தியாவுக்கு வந்தது; ஏப்ரலில் இவர் ஆரம்பித்தார். 11 கிலோ குறைந்திருக்கிறது. பெல்ட்டில் ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டை. வால் போல் தொங்கும் மிச்சத்தைப் பேன்ட்டுக்குள் சொருகியிருக்கிறார். சர்க்கரை மாத்திரையில் ஒன்று நின்றிருக்கிறது. பிரஷர் இறங்கியிருக்கிறது. ராத்திரிக் குறட்டை இல்லை.

மனைவி பக்கத்து நாற்காலிக்காரியிடம் வேறு பட்டியல் வாசிக்கிறார். டோஸ் ஏற்றிய வாரம் காட்பாடியில் ரயிலிலேயே வாந்தி. ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறார். வத்தக்குழம்பு வாசனைக்கு அடுப்படிவரை வருகிற மனுஷன், இப்போது வருவதில்லை. நாத்தனார் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: என்ன இப்படி இளைச்சுட்டார், ஏதாவது பெரிய வியாதியா?

"என்ன சொன்னீங்க?"

"வாக்கிங் போறார்னு சொன்னேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். கன்னத்தில் குழி. நர்ஸ் வருகிறார். நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். எழுகிறார். மறுபடி. மூன்றாவது தடவை கை தானாக நாற்காலிக்குப் போகிறது. கொழுப்போடு சதையும் போகும். ஃபைலில் எழுதுகிறார்: முட்டை, பருப்பு, சுண்டல். டம்பெல்.

கீழே மருந்துக்கடை. பக்கத்துத் துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி பேனர். கண்ணாடிக் கதவு பிரிட்ஜ். மேல் தட்டில் இன்சுலின். நடுத்தட்டில் மவுன்ஜாரோ, அதாவது டிர்செபடைட். ஜூனில் வந்த வெகோவி, அதாவது செமாகுளுடைட், அதற்குப் பக்கத்தில். டப்பாவில் சிவப்புக் கோடு.

கட்டம்போட்ட சட்டைக்காரரின் மனைவி நான்கு குப்பி வாங்குகிறார். கடைக்காரர் ஐஸ் பாக்கெட் வைத்துக் கட்டுகிறார்.

"தள்ளுபடி?"

"பிரஷர் மாத்திரைக்குப் பதினஞ்சு பர்சென்ட் உண்டும்மா. இதுக்கு இல்ல."

ஜிம் பனியன் போட்ட பையன் செல்போனை நீட்டுகிறான். டப்பாவின் படம். வயிறு ஒட்டியிருக்கிறது.

"சீட்டு?"

"ஃப்ரெண்ட் போடுறான் அண்ணே. ஒண்ணே ஒண்ணு."

"சீட்டு வேணும் தம்பி."

பையன் போகிறான். முனைக் கடையில் நுழைகிறான். வெளியே வரும்போது கையில் ஒரு சின்னக் கவர். உள்ளே ஐஸ் பாக்கெட் இல்லை.

அடுத்து ஆட்டோக்காரர். காக்கிச் சட்டையின் கடைசிப் பித்தான் போடவில்லை. பாதத்தில் கட்டு. பிரிட்ஜைக் காட்டி என்ன விலை என்கிறார். கடைக்காரர் சொல்கிறார். ஆட்டோக்காரர் சிரிக்கிறார். மெட்ஃபார்மின் ரெண்டு அட்டை வாங்குகிறார். சில்லறையை எண்ணிக் கொடுக்கிறார். கோயில் வரிசையில் போய் நிற்கிறார்.

மாடியில் கூட்டம் குறைகிறது. நான்காவது மாதத்துக்காரர் உள்ளே.

"சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு டாக்டர். எப்ப நிறுத்தலாம்?"

"பிரஷர் மாத்திரைய எப்ப நிறுத்தப் போறீங்க?"

அவர் மனைவியைப் பார்க்கிறார். மனைவி ஃபைலைப் பார்க்கிறார். டாக்டர் அடுத்த நான்கு வாரத்துக்குச் சீட்டு எழுதுகிறார்.

செமாகுளுடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்குத் திரும்பியிருந்தது.