பச்சையை எடுத்துக்கோங்க!

ரிடையர் ஆன பாங்க் ஆசாமிக்கு இரண்டே வியாதிதான். ஒன்று பிரஷர். இன்னொன்று, எதைப் பார்த்தாலும் டாலி ஆகிறதா என்று கூட்டிப் பார்ப்பது. முதலாவதற்கு மாத்திரை இருக்கிறது.

31 வருஷம் லெட்ஜர் பார்த்தவன் நான். அப்பேர்ப்பட்டவன் கிரிப்டோ ஃப்யூச்சர்ஸில் இறங்கியது எப்படி என்று கேட்பீர்கள். எல்லாம் பெற்ற பிள்ளையின் கைங்கரியம்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தவன் என் லாப்டாப்பில் பைத்தான் மொழியில் சின்னதாக ஒரு ப்ரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போனான். ஈதர் விலையை அது ராத்திரி பகலாகப் பார்க்கும். ஏறுகிற மாதிரி தெரிந்தால் வாங்கும், இறங்குகிற மாதிரி தெரிந்தால் விற்றுவிடும்.

"நாம எதையும் அமுக்க வேண்டாமாடா?"

"வேண்டாம்பா. ஏபிஐ வழியா அதுவே ஆர்டர் போட்டுக்கும்."

ஏபிஐ என்றால் வேறொன்றுமில்லை. கவுன்டருக்கு வராமல் ஆள் மூலம் சீட்டு கொடுத்தனுப்பும் பெரிய மனிதர்களை நீங்கள் பாங்க்கில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சீட்டுதான். சீட்டில் இருப்பதை எக்ஸ்சேஞ்ச் எழுத்துப் பிசகாமல் செய்யும். சீட்டில் தப்பு இருந்தால் அந்தத் தப்பையும் எழுத்துப் பிசகாமல் செய்யும். பணத்தை வெளியே எடுக்கும் அனுமதியை மட்டும் பையன் ஜாக்கிரதையாக மூடி வைத்திருந்தான். (உள்ளேயே தொலைக்கத் தடை ஏதும் இல்லை.)

முதல், 700 டாலர். கிட்டத்தட்ட 60,000 ரூபாய். அது எந்தப் பணம் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த ஃப்யூச்சர்ஸுக்கு எக்ஸ்பைரி தேதியே கிடையாது. இப்படி ஒன்று செய்யலாம் என்று ராபர்ட் ஷில்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 90-களிலேயே எழுதினார். 2013-ல் நோபல் பரிசு வாங்கியவர். 2016-ல் பிட்மெக்ஸ் என்ற சந்தை கிரிப்டோவுக்கு அதைக் கொண்டுவந்தது. நோபல் பரிசுக்காரர் யோசனை என்றதும் எனக்கு ஒரு தைரியம். பரிசு அவருக்கு, பாடம் எனக்கு என்று அப்போது தெரியாது.

மூன்று வாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. சும்மா இருந்தேனா? செட்டிங்கைக் குடைந்தபோது 'பொஸிஷன் மோட்' என்று ஒன்று கண்ணில் பட்டது. ஒன்-வே, ஹெட்ஜ் என்று இரண்டு வகை. ஹெட்ஜ் என்றால் வேலி. வேலி போட்டால் பத்திரம்தானே?

இரண்டுக்கும் வித்தியாசத்தை எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சொல்கிறேன். இவள் பக்கத்து வீட்டு மாமியிடம் இரண்டு டம்ளர் சர்க்கரை கடன் வாங்குகிறாள். மறுநாள் மாமி இவளிடம் இரண்டு டம்ளர் சர்க்கரை வாங்கிக்கொண்டு போகிறாள். கணக்குத் தீர்ந்தது. இது ஒன்-வே. அப்படி இல்லாமல், "நீங்க எனக்கு ரெண்டு தரணும், நான் உங்களுக்கு ரெண்டு தரணும்" என்று இரண்டு பேரும் தனித்தனி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அது ஹெட்ஜ். வாங்கியது லாங் பக்கம், விற்றது ஷார்ட் பக்கம். ஒன்றையொன்று கழிக்கவே கழிக்காது.

பாங்க்காரனுக்குத் தனித்தனி நோட்டு என்றால் சர்க்கரை சாப்பிட்ட மாதிரி. கையில் பொஸிஷன் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஏபிஐ-யில் 'டூயல் சைட் பொஸிஷன்' என்ற இடத்தில் 'ட்ரூ' என்று ஒரே ஒரு வரி அனுப்பினேன். மாறிவிட்டது.

அடுத்த ஆர்டர் திரும்பி வந்தது. மைனஸ் 4061. ஆர்டரில் சொன்ன பக்கமும் அக்கவுன்ட்டில் இருக்கும் மோடும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். நியாயம்தான், எந்த நோட்டில் எழுத வேண்டும் என்று சீட்டில் சொல்ல வேண்டுமே! நானே திருத்தினேன். வாங்கினால் 'லாங்', விற்றால் 'ஷார்ட்'. மறுபடி கோபித்துக்கொண்டது. 'ரெட்யூஸ் ஒன்லி' என்று பையன் ஒரு வார்த்தை எழுதியிருந்தான். இருப்பதைக் குறைக்க மட்டும்தான் இந்த ஆர்டர், புதிதாக எதையும் ஆரம்பிக்காதே என்கிற பூட்டு அது. ஹெட்ஜ் மோடில் அந்த வார்த்தை செல்லாது. எடுத்துவிட்டேன். ஆஹா, எல்லா எரரும் போச்சு!

நான் செய்த காரியம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு மூன்று நாள் புரியவில்லை. லாங்கை முடிக்க வேண்டும் என்றால் லாங் நோட்டிலேயே 'ஸெல்' எழுத வேண்டும். என் ப்ரோகிராமோ ஒவ்வொரு தடவையும் ஷார்ட் நோட்டில் புதுக் கணக்குத் திறந்தது. திறந்துவிட்டு, 'கணக்கு முடிந்தது' என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், இதனால் உடனே நஷ்டம் எதுவும் வராது. 0.2 ஈதர் லாங், 0.2 ஈதர் ஷார்ட். விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துவிடும். மார்ஜின் மட்டும் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். அப்போது ஈதர் சுமார் 3000 டாலர். பத்து மடங்கு லெவரேஜில் ஒரு ஆர்டருக்கு 60 டாலர் மார்ஜின். ஆறு தடவை வாங்கி, ஐந்து தடவை விற்றதில் 660 போயிற்று. ஆறாவது தடவை விற்கப் போனபோது 'மார்ஜின் போதவில்லை' என்று எரர்.

ராத்திரி பத்தரை மணி. மொபைலில் எக்ஸ்சேஞ்சைத் திறந்தேன். 0.2 ஈதருக்கு மேல் இருக்கவே கூடாத அக்கவுன்ட்டில் லாங் 1.2, ஷார்ட் 1.0! முன்னது சிவப்பு, பின்னது பச்சை. விலை இறங்கிக்கொண்டிருந்தது. பையன் ஃபோனை எடுக்கவில்லை.

ஒன்-வேக்குத் திருப்பிவிட்டால் இரண்டும் தானாகக் கழிந்துவிடும் என்று நினைத்து அனுப்பினேன். மைனஸ் 4068. பொஸிஷன் இருக்கும்போது மோடை மாற்ற முடியாதாம். முதலில் எல்லாவற்றையும் மூடு, அப்புறம் வா.

"என்னங்க, இன்னும் தூங்கலையா?" என்று வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மொபைலைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வலது கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, இடது கண்ணில் இன்னும் புரை.

"பச்சையா இருக்கறது லாபம்தானே? அதை எடுத்துக்கோங்க. சிவப்பு எங்கே போயிடப் போறது, நாளைக்கு ஏறும்."

லாபத்தில் இருப்பதை விற்றுவிட்டு நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழுகிற எத்தனை கஸ்டமர்களைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருப்பேன்! பச்சையை அமுக்கினேன். 42 டாலர் லாபம். நிம்மதியாகத் தூங்கினேன்.

வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பை உருவிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதுவரை காற்றில் ஆடியது வெறும் 0.2 ஈதர். ஷார்ட்டை மூடியதும் மொத்தம் 1.2. விடிவதற்குள் ஈதர் இன்னும் 300 டாலர் இறங்கியது. பெருக்கிப் பாருங்கள். 360 டாலர், 30,000 ரூபாய்க்கு மேல்.

ஆறு மணிக்குப் பையன் கூப்பிட்டான். அங்கிருந்தே மிச்சத்தை மூடினான். மூடியதும் ஒன்-வேக்கு மாற்ற அரை விநாடி. அவசரத்தில் நானும் இங்கிருந்து அதே வரியை அனுப்பினேன். மைனஸ் 4059. மாற்ற வேண்டிய அவசியமில்லை என்று பதில்.

"ஷார்ட்டை மட்டும் க்ளோஸ் பண்ணச் சொன்னது யாருப்பா?" என்றான்.

நான் தயங்கவே இல்லை. "அம்மாதான்."

சமையலறையில் மிக்ஸி நின்றது. இவள் வந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். "ஆமாண்டா, நான்தான் சொன்னேன். விடு. நீ சாப்பிட்டியா?" என்றாள். அப்புறம் மிக்ஸி மறுபடி ஓடியது.

அன்று முழுக்க அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அறுபதாயிரம், அவளுடைய இடது கண்ணுக்காக எடுத்து வைத்தது. ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் இருக்கிறதே, அதுவரை சும்மா கிடப்பானேன் என்றுதான் அதில் கை வைத்தேன்.

மறுநாள் நான் வேலை பார்த்த கிளைக்கே இரண்டு பேரும் போனோம். ஜாயின்ட் டெபாசிட், ஒன்றை உடைக்க வேண்டியிருந்தது.

கவுன்டரில் இருந்த பெண் எனக்கு ட்ரெய்னியாக இருந்தவள். "என்ன சார், மெச்சூரிட்டிக்கு நாலே மாசம்தான் இருக்கு, இப்பப் போய் உடைக்கறீங்க?"

"கண் ஆபரேஷன்மா" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இவள், தலையை நிமிர்த்தி அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்.