விசில் அடிக்காத கோச்!

அமெரிக்காவில் 'ஃபுட்பால்'னா ரொனால்டோவும் மெஸ்ஸியும் ஆடுற ஆட்டம் இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கிட்டு, நீளவாக்கில் இருக்கிற பந்துக்காக ஒருத்தர் மேல ஒருத்தர் பாயுற ஆட்டம்! அதில் நான் பெரிய யுனிவர்சிட்டி டீம்களோட ரசிகன் இல்லை. என் ஓட்டு, 'டிவிஷன் த்ரீ'ங்கிற சின்ன காலேஜ்களுக்குத்தான்.

ஏன்னா, அங்கே ஆட்டத்துக்காக ஸ்காலர்ஷிப் தரக் கூடாதுங்கிறது விதி. நம்ம ஊர்ல, 'ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஸீட் கிடைக்குமா?'னு கணக்குப் போட்டுட்டுத்தான் பையனை கிரவுண்டுக்கே அனுப்புறாங்க. அங்கே எவ்வளவு நல்லா ஆடினாலும் அதுக்காக ஃபீஸ் குறையாது. டிகிரி முடிஞ்சா, பெரும்பாலான பசங்களுக்கு ஆட்டமும் முடிஞ்சுது. அப்புறம் எதுக்குய்யா அடிபடணும்?

பதில் வேணும்னா, ஜான் கலார்டி கதையைக் கேளுங்க. 1943-ல் இவரோட ஸ்கூல் கோச் ராணுவத்துக்குப் போயிட, டீமில் ஆடிட்டிருந்த 16 வயசு ஜானே கோச் ஆனார். முதல் வேலையா, தனக்குப் பிடிக்காத டிரில்களை எல்லாம் தூக்கினார். பிராக்டீஸ் நடுவே தண்ணி குடிக்கக் கூடாதுங்கிற கொடுமையும் அதோட போச்சு!

1953-ல் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் காலேஜுக்கு வந்தார். அங்கேயும் அதே பாலிசிதான். விசில் கிடையாது. பிராக்டீஸில் மோதிக் கீழே தள்ளக் கூடாது. முக்கியமா, 'கோச்'னு கூப்பிடக் கூடாது. எல்லாருக்கும் அவர் 'ஜான்'தான்!

'இப்படிச் செல்லம் கொடுத்தா உருப்படுமா?'னு கேட்பீங்களே... 2003 சீஸனைப் பாருங்க. நவம்பரில் ஜானுக்கு 409-வது வெற்றி. காலேஜ் ஃபுட்பாலில் அதுவரை எட்டி ராபின்சன் வெச்சிருந்த 408 வெற்றி ரெக்கார்டு காலி. அப்போ ஜானுக்கு வயசு 77!

டிசம்பரில் வர்ஜீனியாவின் சேலம் நகரத்தில் 'ஸ்டாக் பௌல்' ஃபைனல். எதிரே, ஒஹாயோவின் மவுன்ட் யூனியன். முந்தின மூணு வருஷமும் அவங்கதான் சாம்பியன். தொடர்ந்து 55 மேட்ச் ஜெயிச்சிருந்த டீம்! கடைசியில் ஸ்கோர் 24-6. செயின்ட் ஜான்ஸ் ஆடின 14 மேட்ச்சிலும் ஜெயிச்சு, கோப்பையைத் தூக்கிடுச்சு. மவுன்ட் யூனியனும் சோர்ந்துடலை. 2005-லும் 2006-லும் மறுபடி அவங்கதான் சாம்பியன்.

விசில் இல்லாததாலதான் ஜெயிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். மவுன்ட் யூனியன் பசங்களும்தான் ஸ்காலர்ஷிப் இல்லாம உயிரைக் கொடுத்து ஆடினாங்க. ஆனா, மிரட்டாமலும் ஜெயிக்க முடியும்னு ஜான் நிரூபிச்சுட்டார். 2012-ல் ரிட்டயர் ஆனப்போ அவர் கணக்கில் 489 வெற்றி. 2018-ல் 91 வயசில் காலமானார்.

நமக்கு அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், ஃபைன்னு திரும்பின பக்கமெல்லாம் விசில் சத்தம்தான். இன்டர்னல் மார்க் வராத எதையாவது கடைசியா எப்போ ஆசைப்பட்டுக் கத்துக்கிட்டோம்? ஒருநாள் எல்லா விசிலும் நின்னுபோனா, நம்மில் எத்தனை பேர் கிரவுண்டில் இருப்போம்?

யோசிங்க பாஸ்... நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்!