ஐந்து பேர் இடத்தில் ஒரு ரிதம் பேட்... மகளுக்கு அப்பா சொல்லிக்கொடுத்த பாடம்!

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்தில் பங்குனிப் பொங்கல். பாட்டுக் கச்சேரி தொடங்க இன்னும் 40 நிமிடம்தான். ரிதம் பேடுக்குப் பின்னால் மண்டியிட்டு, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் அப்பா. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது மகள்.

26 வருடமாக அந்த ஸ்டூல் அப்பாவுடையது. வலது மணிக்கட்டில் வந்த வலி, ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்கவில்லை. ``இனிமே குச்சி பிடிக்காதீங்க'' என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால், திருவிழா சீசனுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ``நான் வாசிக்கிறேன்ப்பா'' என்று முன்வந்தாள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த கை. பள்ளி ஆண்டு விழாக்களில் வாசித்தும் இருக்கிறாள். ஆனால், ராத்திரி முழுக்க நடக்கும் கச்சேரி வேறு.

மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் குச்சியைத் தொடவே விடவில்லை. பேடைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தைக் காட்டினார்.

``வாசிக்கிறது அப்புறம் தாயி. இந்த ஓட்டையெல்லாம் எதுக்குன்னு முதல்ல சொல்லு.''

பின்பக்கம் தெரியணும்!

ரிதம் பேடின் முன்பக்கம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வரிசையாக எட்டு ரப்பர் கட்டங்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த முதல் பேடுக்கு `ஆக்டோபேட்' என்று பெயர் வந்ததே இந்த எட்டால்தான். அந்த முதல் பேடுக்குள் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. தட்டியதை `மிடி' வழியாக இன்னொரு கருவிக்குச் சொல்லும். அந்தக் கருவிதான் ஒலிக்கும். பிறகு வந்த எஸ்பிடி வரிசையில் சத்தங்களும் பேடுக்குள்ளேயே வந்துவிட்டன. அப்பாவிடம் இப்போது இருக்கும் எஸ்பிடி-30-ல் 670 ஒலிகள் இருக்கின்றன.

பின்பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது அவுட்புட். எல், ஆர் என்று இரண்டு. சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரே கேபிள்தான் தருகிறார் என்றால், அதை எல்-லில்தான் செருக வேண்டும். அங்கேதான் `மோனோ' என்றும் எழுதியிருக்கும். ஆர்-ல் மட்டும் செருகினால், இடப்பக்கம் வைத்த ஒலிகள் ஸ்பீக்கருக்குப் போகாது.

அடுத்து ஹெட்போன். அக்கம்பக்கம் தூங்கிய பிறகு பழகுவதற்கு இதுதான் துணை. `மிக்ஸ் இன்' என்ற துளையில் செல்போனை இணைத்தால், பாட்டு ஓட ஓடக் கூடவே வாசிக்கலாம். ஃபுட் ஸ்விட்சுக்கு ஒன்று, ஹை-ஹாட் பெடலுக்கு ஒன்று. காலால் மிதிக்கும் கிக் பேடை இணைக்க ட்ரிகர் துளை.

``மிடி கேபிள்ல சத்தம் போகும்தானே?'' என்று கேட்டாள் மகள்.

``போகாது. சேதிதான் போகும். எந்தக் கட்டத்தைத் தட்டினே, எவ்வளவு வேகமா தட்டினேன்னு சொல்லும். அந்த வேகத்தை 1-லேருந்து 127 வரைக்கும் நம்பராத்தான் எழுதும்.''

கரன்ட் கொடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. வால்யூமைக் குறைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். முதலில் பேட் ஆன், கடைசியில்தான் ஆம்ப்ளிஃபயர். நிறுத்தும்போது தலைகீழ். சின்ன வயதில் ஒருமுறை வால்யூமை ஏற்றிவைத்தபடியே அப்பா கேபிளைப் பிடுங்கினார். `டமார்' என்ற ஒரே சத்தத்தில் ஸ்பீக்கர் போனது. இரண்டு கச்சேரிச் சம்பளமும் கூடவே போனது. அடாப்டரும் அப்படித்தான். முனை பொருந்துகிறது என்பதற்காகக் கிடைத்ததை மாட்டக் கூடாது. வோல்ட்டும், ப்ளஸ் மைனஸும் பேடில் அச்சடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

அடியை அளக்கும் கருவி

இரண்டாவது வாரம் குச்சி கைக்கு வந்தது. ரப்பருக்கு அடியில் இருக்கும் சென்சார், அதிர்வைச் சின்ன மின்சாரமாக மாற்றுகிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைச் சொல்லத்தான் பட்டன்களும் மெனுவும். `சென்சிட்டிவிட்டி'யைக் கூட்டினால் மெல்லத் தட்டினாலும் பெரிதாகக் கேட்கும். `த்ரெஷோல்ட்' என்பது வாசல்படி மாதிரி. அதைத் தாண்டாத அதிர்வுக்குப் பேட் வாய் திறக்காது. ஒரு கட்டத்தைத் தட்டும்போது பக்கத்துக் கட்டமும் சேர்ந்து ஒலித்தால், `க்ராஸ்டாக் கேன்சல்' அளவை ஏற்ற வேண்டும். ரொம்ப ஏற்றினால், இரண்டு கட்டத்தை ஒன்றாகத் தட்டும்போது ஒன்று விழுங்கப்பட்டுவிடும்.

எல்லாம் புரிந்தது மகளுக்கு. ஒன்றுதான் பிடிபடவில்லை.

``அப்பா, மூணாம் கட்டத்துல இருக்க தபேலா மரக்கட்டை மாதிரி கேக்குதே?''

சென்சிட்டிவிட்டியை மாற்றினார். ஒலியை மாற்றினார். சரியாகவில்லை.

``நிஜத் தபேலா எப்படி இருக்கும்னு யாரையாவது கேட்டா என்ன?''

அப்பா பதில் சொல்லவில்லை. கேட்க வேண்டிய ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலை மிதித்து 15 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

காலியான நாற்காலிகள்

அவர் குழுவில் சேர்ந்தபோது ரிதம் பகுதியில் மட்டும் ஐந்து பேர். தபேலா, டோலக், காங்கோ, டிரம் செட், மராக்கஸும் டாம்பரினும் வாசிக்க ஒருவர். கடன் வாங்கி அவர் முதல் பேடை வாங்கிய வருடம், ``இந்தத் தம்பி ஒருத்தன் போதும்'' என்றார் குழு முதலாளி. அடுத்த சீசனில் வேனில் நான்கு சீட் காலி. டோலக்காரர் திருப்பூருக்குப் போனார். காங்கோக்காரர் ஆட்டோ ஓட்டினார். தாளம் சொல்லிக்கொடுத்து அவரைக் குழுவில் சேர்த்துவிட்டவரே தபேலா அண்ணன்தான். அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேன் ஆனார்.

அந்த நால்வரின் சத்தத்தையும் எட்டுக் கட்டத்துக்குள் வைத்து வாசித்துத்தான் அவர் வீடு கட்டினார், மகளைப் படிக்கவைத்தார்.

மகள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேடைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள். தபேலா அண்ணனுக்கு 70 வயது தாண்டியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் ``வாடா'' என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. மகள் கடகடவென்று விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, மூன்றாம் கட்டத்தைத் தட்டினாள்.

அவர் சிரித்தார். ``உங்கப்பன் எல்லாத்தையும் `நா'வா வெச்சிருக்கான். விரல் ஓரத்துல விழுந்தாத்தான் `நா'. கொஞ்சம் உள்ளே தள்ளி மெதுவா விழுந்தா `தின்'. மெதுவா அடிச்சா சத்தம் குறையும்னு மட்டும் நினைக்காதே கண்ணு. சத்தமே வேறயாயிடும்.''

மகளுக்குச் சட்டென்று புரிந்தது. பேடில் `லேயர்' என்று ஒன்று உண்டு. ஒரே கட்டத்தில் இரண்டு ஒலிகளை வைக்கலாம். மெல்லத் தட்டினால் ஒன்று, அழுத்தித் தட்டினால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழ வேண்டும் என்பதை, பெரியப்பா தலையாட்டத் தலையாட்ட நகர்த்தினாள். முக்கால் மணி நேரம் ஆனது.

கிளம்பும்போது அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையமர்த்தினார்.

``நீ வாங்கலைன்னா வேற ஒருத்தன் வாங்கியிருப்பான். அதை விடு. ஆனா, வீட்டுப் பக்கம் வந்திருக்கலாம்டா.''

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

`ம்ம்ம்...' என்ற இரைச்சல்

பங்குனிப் பொங்கல் மேடையில் சவுண்ட் செக் தொடங்கியதும், ஸ்பீக்கரில் `ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பேடின் வால்யூமை முழுதாகக் குறைத்தும் அது போகவில்லை. ``ஆம்ப்ளிஃபயர் பிளக்குல எர்த் பின்னை உடைச்சுவிட்டா போயிரும்'' என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

``வேணாம்ண்ணே. எர்த்தைத் தூக்கினா ஆளையே தூக்கிரும்'' என்றாள் மகள். அது அப்பாவின் வசனம். டார்ச்சைப் பிடித்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

தன் சேனலை மியூட் பண்ணச் சொல்லிவிட்டு, கேபிள் போகும் பாதையைத் தொட்டுக்கொண்டே போனாள். ஜெனரேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிரித்துத் தள்ளிப் போட்டாள். இரைச்சல் பாதியானது. பேடுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் இருந்த டிஐ பாக்ஸில் `கிரவுண்ட் லிஃப்ட்' ஸ்விட்சைத் தள்ளினாள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும். கரன்ட்டின் எர்த்தைத் தொடாது. இரைச்சல் நின்றது.

கச்சேரி தொடங்கியது. நான்காவது பாட்டு, தபேலா நிறைய வரும் மெலடி. மேடைக்கு இடப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் தபேலா அண்ணன் உட்கார்ந்திருந்தார். அன்று மதியமே பஸ் ஏறிப் போய்க் கூட்டிவந்தது அப்பாதான். மூன்றாம் கட்டத்தில் `தின்' மெதுவாக விழுந்தது. நாற்காலிக் கைப்பிடியில் அண்ணனின் விரல்களும் கூடவே விழுந்தன.

இப்போதெல்லாம் லேப்டாப்பில் டிராக்கை ஓடவிட்டு, பாடுகிறவர்கள் மட்டும் வரும் நிகழ்ச்சிகள் கூடிவிட்டன. இந்த ஸ்டூலும் எத்தனை சீசனுக்கோ! அது அப்பாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

விடியற்காலை 2 மணிக்குக் கச்சேரி முடிந்தது. ஆம்ப்ளிஃபயரை நிறுத்தச் சொல்லி, வால்யூமைக் குறைத்து, பேடை அணைத்து, கடைசியாகக் கேபிளைக் கழற்றினாள் மகள். வரிசை தப்பவில்லை. அப்பா இடது கையால் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

``அடுத்த ஞாயித்துக்கிழமை டோலக் மாமாவைப் பாக்கத் திருப்பூர் போவோமா? அஞ்சாம் கட்டமும் சரியில்லைன்னுதான் தோணுது.''